மூன்றாம் வகுப்போடு நின்ற படிப்பு. 'கப்பலோட்டிய தமிழனை' எழுதிய கை - சிலம்புச் செல்வர் ம.பொ.சி.

வ.உ.சிதம்பரனாரைக் 'கப்பலோட்டிய தமிழன்' என்று சொல்லாத தமிழர் இல்லை. நம் தோட்டத்துப் பள்ளிப் பிள்ளைகள் முதல் பட்டணத்து மேடைப் பேச்சாளர்கள் வரை எல்லார் வாயிலும் அந்தப் பெயர் வருகிறது. அது சிதம்பரனாரின் தாய் தந்தையர் வைத்த பெயர் அல்ல. ஒரு புத்தகத்தின் தலைப்பு அது. அந்தப் புத்தகத்தை எழுதியவர் மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போகாத ஓர் அச்சுக்கூடத் தொழிலாளி. மயிலை பொன்னுசாமி சிவஞானம் என்ற ம.பொ.சி.

சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியைச் சேர்ந்த சால்வன்குப்பத்தில் 1906-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள் பிறந்தார். தந்தை பொன்னுசாமி கிராமணி, தாயார் சிவகாமி அம்மாள். கள் இறக்கும் தொழிலோடு தொடர்புடைய சமூகம். வீட்டில் வறுமை. மூன்றாம் வகுப்பில் பாடப் புத்தகம் வாங்கக் காசில்லாமல் படிப்பு அத்தோடு நின்றது. ஆனால் வீட்டில் இன்னொரு பள்ளிக்கூடம் நடந்தது. அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை போன்ற அம்மானைக் கதைப் பாடல்களைத் தாயார் சொல்லிக் கொடுத்தார். பின்னாளில் மேடையில் மணிக்கணக்கில் இலக்கியம் பேசிய நாக்கு அங்கே பழகியதுதான்.

சிறு வயதிலேயே கூலி வேலைக்குப் போனார். நெசவுத் தறியில் உழைத்தார். பிறகு டாக்டர் வரதராஜுலு நாயுடு நடத்திய 'தமிழ்நாடு' நாளிதழின் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கும் வேலை கிடைத்தது. அந்தக் காலத்து அச்சுக் கோப்பு என்றால் என்னவென்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரிய வாய்ப்பில்லை. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பெட்டியிலிருந்து எடுத்து வரியாக அடுக்க வேண்டும். எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறியிருக்கும். பிழை விட்டால் திட்டு. தலையங்கம், செய்தி, கட்டுரை எல்லாம் அவருடைய விரல் வழியாகத்தான் தாளுக்குப் போயின. மற்றவர்கள் கல்லூரியில் கற்ற தமிழை இவர் கூலி வாங்கிக்கொண்டு கற்றார் என்றுதான் சொல்ல வேண்டும்.

பத்திரிகை அலுவலகத்தில் இருந்தால் அரசியல் ஒட்டாமல் போகுமா? காங்கிரசில் சேர்ந்தார், கதர் கட்டினார், சிறை சென்றார். 'கிராமணி குலம்' என்ற இதழின் ஆசிரியராகவும் இருந்தார். இங்கேதான் அவருக்கு முதல் பெரிய சோதனை வந்தது. காங்கிரஸ் மதுவிலக்கைக் கையில் எடுத்தது. மதுவிலக்கு வந்தால் தம் உறவுக்காரர்களின் அடுப்பு அணையும் என்பது ம.பொ.சி.க்குத் தெரியாதது அல்ல. ஆனாலும் மதுவிலக்கை ஆதரித்தார். குடித்துக் கெட்ட ஏழைக் குடும்பங்களை அவர் கண்ணால் கண்டவர். சொந்தச் சாதியார் அவரைப் பகைத்தார்கள். சம்பள நாளன்று கள்ளுக்கடை வாசலில் அப்பாவைத் தேடி நின்ற பிள்ளைகள் நம் தோட்டங்களிலும் இருந்தார்கள். அந்த நிலைமையை அறிந்தவர்களுக்கு அவர் எடுத்த முடிவின் எடை புரியும்.

1942 ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு போராட்டம் மூண்டபோது மீண்டும் கைதானார். வடக்கே அமராவதி சிறைக்குக் கொண்டு போனார்கள். அங்கத்து வெயிலும் சாப்பாடும் அவர் உடம்பை உருக்கிவிட்டன. வயிற்றுப் புண் வந்தது. உயிர் பிழைத்தாலும் அந்த நோய் கடைசி வரை அவரை விடவில்லை. அந்தச் சிறையில்தான் சிலப்பதிகாரத்தை ஊன்றிப் படித்தார். சேர, சோழ, பாண்டிய நாடுகள் மூன்றையும் ஒரே காப்பியத்தில் கட்டி வைத்த இளங்கோவடிகள், தமிழர் ஒரே இனம் என்ற எண்ணத்தை அவருக்குள் ஊன்றினார். வெளியே வந்தபின் ஊர் ஊராகச் சிலம்பைப் பற்றிப் பேசினார், விழா எடுத்தார். பேராசிரியர் ரா.பி.சேதுப்பிள்ளை 'சிலம்புச் செல்வர்' என்ற பட்டத்தை வழங்கினார். பண்டிதர்களின் சொத்தாக இருந்த காப்பியத்தைக் கூலித் தொழிலாளியும் கேட்டு ரசிக்கும்படி செய்தது சாதாரண வேலை அல்ல.

அடுத்து வ.உ.சி. கதை. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி வெள்ளையரோடு மோதியவர். 1908-இல் ஆயுள் தண்டனை பெற்றவர். கோவைச் சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கிழுத்தவர். தண்டனை குறைக்கப்பட்டு 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது கம்பெனியும் இல்லை, கப்பலும் இல்லை. வறுமையிலேயே காலம் தள்ளி 1936 நவம்பர் 18-இல் கண்ணை மூடினார். அவர் போன பிறகு நாடு அவரை ஏறக்குறைய மறந்தே விட்டது. அப்படி மறந்த மனிதரைத் தேடிப் பிடித்து எழுதியதுதான் 'கப்பலோட்டிய தமிழன்'. வாழ்க்கை வரலாறு என்றால் நாள், கிழமை, பதவிப் பட்டியல் என்றிருந்த காலத்தில், படிக்கத் தெரியாதவருக்கு ஒருவர் வாசித்துக் காட்டினாலும் விளங்கும் நடையில் எழுதினார். 1961-இல் பி.ஆர்.பந்துலு அதைத் திரைப்படமாக எடுத்தார். சிவாஜி கணேசன் செக்கிழுத்த காட்சியைப் பார்த்துக் கண் கலங்கியவர்களில் எத்தனை பேருக்கு அதன் மூலநூலை எழுதியவர் பெயர் தெரிந்திருக்கும்?

அதேபோல் 1799-இல் கயத்தாறில் தூக்கிலிடப்பட்ட வீரபாண்டிய கட்டபொம்மனின் வரலாற்றையும் எழுதினார். கட்டபொம்மன் கொள்ளைக்காரன் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். ம.பொ.சி. விடாமல் வாதாடினார். ஆராய்ச்சியாளர் கண்கொண்டு பார்த்தால், தம் நாயகர்கள் மீது அவருக்கு இருந்த பாசம் சில இடங்களில் மிகுந்துதான் தெரியும். வழக்கறிஞர் தம் கட்சிக்காரருக்காக வாதாடுவதுபோல் எழுதினார். ஆனால் அப்படி ஒருவர் வாதாடாமல் இருந்திருந்தால் அந்த இருவரும் தமிழர் வீடுகளுக்குள் இந்த அளவுக்கு வந்திருக்க மாட்டார்கள்.

1946 நவம்பரில் தமிழரசுக் கழகத்தைத் தொடங்கினார். தனி நாடு கேட்கவில்லை. இந்தியாவுக்குள் தமிழருக்கென ஒரு மாநிலம், அதில் தமிழ் ஆட்சி மொழி என்பதே கோரிக்கை. 'தமிழ் முரசு' என்ற பெயரில் ஓர் இதழ் நடத்தினார் (சிங்கப்பூர் நாளிதழ் வேறு, இது வேறு). பிறகு 'செங்கோல்' வார இதழ். பேனா ஒரு கையில், கொடி ஒரு கையில்.

அவருடைய பெரும் போர் எல்லைப் போர். அன்றைய சென்னை மாகாணத்தில் தமிழரும் தெலுங்கரும் ஒன்றாக இருந்தார்கள். ஆந்திரம் பிரிய வேண்டும் என்று பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதம் இருந்து 1952 டிசம்பரில் உயிர் நீத்தார். அதன் பின் கொந்தளிப்பு. சென்னைப் பட்டணமே ஆந்திரத்துக்கு வேண்டும் என்று கேட்டார்கள். அப்போது ம.பொ.சி. சென்னை மாநகராட்சியில் ஆல்டர்மேன். தலையைக் கொடுத்தாவது தலைநகரைக் காப்போம் என்ற முழக்கத்தோடு கிளம்பினார். மேயர் செங்கல்வராயன் காலத்தில் மாநகராட்சியில் சென்னை தமிழருக்கே என்று தீர்மானம் நிறைவேறியது. 1953 மார்ச்சில் நேரு நாடாளுமன்றத்தில் அறிவித்தபோது சென்னை தமிழரிடமே நின்றது.

வடக்கு எல்லையில் முழு வெற்றி கிட்டவில்லை. வேங்கடம் வரை தமிழகம் என்பது அவர் கனவு. திருப்பதிக்கே தொண்டர்களோடு போய்ப் பேசினார். மங்கலங்கிழார் போன்றவர்கள் எல்லைப் பகுதி ஊர்களில் மக்களைத் திரட்டினார்கள். மறியல், சிறை, உயிர்ப்பலி எல்லாம் நடந்தன. முடிவில் பட்டாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் திருத்தணி உள்ளிட்ட பகுதிகள் வந்து சேர்ந்தன. திருப்பதியும் சித்தூரும் போயின. இன்று இங்கிருந்து தமிழ்நாட்டுக்கு ஆன்மிகச் சுற்றுலா போகிறவர்கள் திருத்தணி முருகனைத் தமிழ்நாட்டு எல்லைக்குள் தரிசிக்கிறார்கள். அந்தப் படிகளுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

இந்தப் போராட்டத்தால் காங்கிரசோடு உரசல் முற்றி 1954-இல் கட்சியை விட்டு வெளியேறினார். அதன் பின் அவர் அரசியல் பாதை நேர்க்கோடாக இல்லை. திராவிட இயக்கத்தைக் கடுமையாகத் தாக்கியவர் 1967-இல் அண்ணாவின் அணியில் நின்று தியாகராய நகரில் வென்று சட்டமன்றம் போனார். பிறகு எம்.ஜி.ஆருக்கு நெருக்கமானார். இடம் மாறியவர் என்று ஏசியவர்கள் உண்டு. மாநிலத்துக்குத் 'தமிழ்நாடு' என்று பெயர் வேண்டும் என்று காலமெல்லாம் கேட்டவர், அந்தப் பெயரைச் சூட்டத் துணிந்தவர்களோடு சேர்ந்ததில் வியப்பில்லை என்றும் சொல்லலாம். இரண்டிலும் உண்மை உண்டு.

1966-இல் 'வள்ளலார் கண்ட ஒருமைப்பாடு' நூலுக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 1972-இல் பத்மஸ்ரீ. தம் வாழ்க்கையைத் தாமே எழுதியபோது அதற்கு 'எனது போராட்டம்' என்று பெயர் வைத்தார். சட்ட மேலவைத் தலைவராக அமர்ந்தார். படித்தவர்களும் பட்டதாரிகளும் தேர்ந்தெடுக்கப்பட்டு வரும் அந்த அவையை, மூன்றாம் வகுப்பு படித்தவர் பெரிய மீசையோடு நடத்தினார். 1986-இல் மேலவையே கலைக்கப்பட்டது. பதவியும் அத்தோடு போயிற்று.

அதன் பிறகும் எழுத்தை விடவில்லை. 1995 அக்டோபர் 3-ஆம் நாள், 89-ஆம் வயதில் சென்னையில் காலமானார். அவர் காப்பதற்குப் போராடிய நகரம் அது.