நோயுற்ற ஆசானுக்குப் பொன் காணிக்கை

ஊவா மலைகளிலே ஞாயிறு மாலை வேளைகளில் உதைபந்தாட்டம் நடக்கும் காட்சி எம்மவர் அனைவருக்கும் பழக்கமானதே. தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே எப்படியோ கிடைத்த ஒரு துண்டுச் சமநிலம். ஒரு பக்கம் லயங்கள், மறுபக்கம் பள்ளம். பந்து பள்ளத்தில் உருண்டால் சிறுவன் ஒருவன் ஓடிச்சென்று எடுத்து வருவான். பசறையிலும் அப்புத்தளையிலும் தெமோதரையிலும் நமுனுகுலையிலும் இவ்வாறு ஒன்றாய் ஓடி ஆடி, ஒரே தட்டில் உண்டு வளர்ந்த இளைஞர்கள் எத்தனையோ பேர். ஆண்டுகள் கழிகின்றன. ஒருவன் கொழும்புக்குப் போகிறான், ஒருவன் வெளிநாடு செல்கிறான், மற்றவன் மலையிலேயே கவ்வாத்துக் கத்தியோடு தங்கிவிடுகிறான். பின்னர் ஒருநாள் அவர்களுள் ஒருவன் பெரும் நோயில் விழுகிறான்.

முதல் வாரத்தில் லயத்து வாசல் நிறைய ஆட்கள். தோடம்பழமும் பிஸ்கட்டும் வந்து குவியும். ஒரு மாதம் சென்றால் இருவர் மூவர் வருவர். மூன்றாம் மாதத்தில், மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போக அந்த மனிதன் இரவு பஸ் ஏறும்போது உடன் நிற்பவள் அவன் மனைவி மட்டுமே. நண்பர்கள் தீயவர்கள் அல்லர். ஒரு நாள் பேர் விழாவிட்டால் ஒரு நாட் கூலி போய்விடும். அதைவிடப் பெரிய தடையும் ஒன்றுண்டு. நோயாளியின் முன் நின்று என்ன பேசுவது, அவனுக்காக என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. தெரியாமையே மெல்ல மெல்லத் தூரமாகி விடுகின்றது.

இந்தச் சங்கடத்துக்கு விடை தேடும் எமக்கு, இந்திய உதைபந்தாட்ட வரலாற்றிலே மறையாத இடம்பெற்ற ஒருவரின் வாழ்வு துணைசெய்யும். அவர் எமது திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். இஸ்லாமிய மார்க்கத்தைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர். சையத் அப்துல் ரஹீம் என்பது அன்னாரின் பெயர். வீரர்கள் அவரை ரஹீம் சாஹிப் என்று மரியாதையோடு அழைத்தனர்.

ஐதராபாத்தின் ஆசிரியர்

1909ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்த ரஹீம், உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் கற்றுப் பட்டம் பெற்று, நகரத்துப் பாடசாலைகளிலே படிப்பித்து வந்தார். உதைபந்தாட்டத்தில் கொண்ட பற்றினால் உடற்பயிற்சிக் கல்வியும் பயின்றார். 1940களின் முற்பகுதியில் ஐதராபாத் உதைபந்தாட்டச் சங்கத்தின் செயலாளரானார். 1950இல் அந்நகரப் பொலிஸ் அணியைப் பயிற்றுவிக்கும் பொறுப்பும் அவரிடம் வந்தது. அவ்வாண்டு தொடங்கி 1954 வரை, பம்பாயில் நடைபெற்ற ரோவர்ஸ் கிண்ணத்தை அந்த அணி தொடர்ந்து ஐந்து முறை வென்றது.

ஆசிரியர் என்ற குணம் மைதானத்திலும் அவரை விட்டு நீங்கவில்லை. வலக்காலால் மட்டுமே உதைக்கப் பழகிய வீரருக்கு, பலங்குன்றிய மற்றக் காலால் மட்டும் ஆடவேண்டிய போட்டிகளை ஏற்பாடு செய்தார். பந்தைத் தானே வைத்துக்கொண்டு ஓடும் ஆசை உள்ளவர்களுக்காக, அப்படி ஓடுவதற்கு இடமே தராத ஆட்டங்களையும் நடத்தினார். பந்தை மற்றவனுக்குக் கொடுக்கப் பழகாதவன் அணிக்கு உதவான் என்பது அவர் கற்பித்த முதற் பாடம்.

இந்திய அணியின் பயிற்றுநராக அவர் கண்ட முதற் பெரும் வெற்றி 1951இல் புதுடில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டு விழாவாகும். இறுதியாட்டத்தில் ஈரானை 1-0 என வென்று தங்கம் பெற்றனர். மறு ஆண்டிலேயே தாழ்வும் வந்தது. 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இந்திய வீரர்களுட் பெரும்பாலோர் வெறுங்காலுடன் களமிறங்கினர். யூகோஸ்லாவியா 10-1 என அவர்களைத் தோற்கடித்தது. அதன் பின்னரே அந்நாட்டில் சப்பாத்து அணிந்து ஆடுவது கட்டாயமாக்கப்பட்டது. வெறுங்காலோடு கல்லிலும் முள்ளிலும் பந்துதைத்து வளர்ந்த எமது தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்தத் தோல்வியின் வலி நன்கு விளங்கும்.

நான்கு ஆண்டுகளில் அந்த அணியையே புதிதாக்கினார் ரஹீம். 1956இல் மெல்பேண் ஒலிம்பிக்கில் அவுஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணில் 4-2 என வென்று, அரையிறுதிக்குச் சென்ற முதல் ஆசிய நாடு என்ற பெருமையை இந்தியா பெற்றது. முடிவில் நான்காம் இடம் கிடைத்தது.

ஒரு ரூபாயும் ஒரு சைக்கிளும்

அந்த மெல்பேண் அணியிலே துளசிதாஸ் பலராம் என்ற இருபது வயதளவான இளைஞர் ஒருவர் இருந்தார். செகந்திராபாத்துக்கு அருகே வறிய தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். ரஹீம் அவருடைய ஆட்டத்தைக் கண்டு பயிற்சிக்கு வரும்படி அழைத்தபோது, ஐதராபாத் நகருக்கு நாள்தோறும் வந்து போக அவரிடம் காசு இல்லை. வாடகைச் சைக்கிளுக்கென நாளுக்கு ஒரு ரூபாய் கொடுத்து அவரை வரவழைத்தார் ரஹீம். அந்தச் சைக்கிளில் வந்தவரே பின்னர் இந்தியாவின் தலைசிறந்த முன்கள வீரர்களுள் ஒருவராகத் திகழ்ந்தார்.

பலராம் மட்டுமல்ல. ஐதராபாத்தில் பிறந்து இராணுவத்தில் சேர்ந்து, தேயிலை மணக்கும் நீலகிரியின் வெலிங்டனில் மதராஸ் படைப்பிரிவு நிலையத்துக்காக ஆடிய பீற்றர் தங்கராஜ், ஆசியாவின் மிகச் சிறந்த கோல் காப்பாளர் எனப் புகழப்பட்டவர். எதிராஜ், அருமைநாயகம் என்ற பெயர்களும் 1962ஆம் ஆண்டு அணியில் உண்டு. வங்காளத்திலிருந்து சுனி கோஸ்வாமியும் பி. கே. பானர்ஜியும், பஞ்சாபிலிருந்து ஜர்னைல் சிங்கும், கோவாவிலிருந்து போர்ச்சுனாட்டோ பிராங்கோவும், ஐதராபாத்திலிருந்து யூசுப் கானும் வந்திருந்தனர். இந்து, இஸ்லாமியர், சீக்கியர், கிறிஸ்தவர் எனப் பல சமயத்தாரும் பல மொழியினரும் ஒரே ஆசானின் கீழ் ஒரே குடும்பமாயினர்.

ஜகார்த்தாவின் சோதனை

1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நான்காவது ஆசிய விளையாட்டு விழா நடைபெற்றது. அணியை அழைத்துச் சென்ற ரஹீமின் நுரையீரலில் அப்போது புற்றுநோய் வேரூன்றியிருந்தது. இளைத்த உடலோடு, இருமலையும் களைப்பையும் சுமந்துகொண்டு, 53 வயதான அந்த மனிதர் மைதானத்தின் ஓரத்தில் நின்றார்.

முதலாட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2-0 எனத் தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4-1 என வென்றபோதிலும், தற்காப்பு வீரரான ஜர்னைல் சிங்கின் தலையில் பெருங்காயம் ஏற்பட்டு ஆறு தையல்கள் போட வேண்டியதாயிற்று. யப்பானை 2-0 என வென்று அரையிறுதிக்கு வந்தனர். தலையில் கட்டுடன் இருந்த ஜர்னைலை வெளியே இருத்த ரஹீமுக்கு மனமில்லை. பின்வரிசையில் வைத்து ஆபத்துக்கு உள்ளாக்கவும் விருப்பமில்லை. முன்னொரு காலத்தில் அவர் முன்கள வீரராக ஆடியவர் என்பதை நினைவிற்கொண்டு, அவரை முன்வரிசையின் நடுவே நிறுத்தினார். தென் வியட்நாமுக்கு எதிராகப் பெற்ற 3-2 வெற்றியில் ஜர்னைலும் ஒரு கோல் போட்டார்.

மைதானத்துக்கு வெளியே வேறொரு புயல் வீசிக்கொண்டிருந்தது. இஸ்ரவேலுக்கும் தாய்வானுக்கும் இந்தோனேசியா அனுமதி மறுத்ததை இந்திய அதிகாரியான சோந்தி வெளிப்படையாகக் கண்டித்திருந்தார். அதனால் சினமுற்ற கூட்டத்தினர் இந்தியத் தூதரகத்தையே தாக்கினர். செப்டெம்பர் 4ஆம் நாள் இறுதியாட்டத்துக்கு இந்திய வீரர்கள் இறங்கியபோது, ஏறக்குறைய ஒரு இலட்சம் பேர் அவர்களுக்கு எதிராகக் கூச்சலிட்டனர். தேசிய கீதம் கூட அந்த இரைச்சலில் அமிழ்ந்துபோயிற்று. அங்கு இந்தியாவுக்காகக் குரல் கொடுத்தோர் மிகச் சிலர். அவர்களுள் பாகிஸ்தானின் ஹொக்கி வீரர்களும் இருந்தனர் என்பதை இங்கு குறிப்பிடாமலிருக்க முடியாது.

அதற்கு முந்திய இரவு வீரர்களுக்கு உறக்கம் வரவில்லை. ரஹீம் அவர்களை அழைத்துக்கொண்டு உலாவச் சென்றார். தந்திரங்களைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. மறுநாள் தமக்கு ஒரு பரிசு வேண்டும் என்றும், அந்தப் பரிசு தங்கப் பதக்கமே என்றும் பிள்ளைகளிடம் கேட்கும் தந்தையைப் போலக் கேட்டுக்கொண்டார். பல ஆண்டுகளாக அவர்களுக்குக் கொடுத்து வந்தவர், அன்று கைநீட்டிக் கேட்டார்.

எதிரே நின்றது முன்னர் தங்களைத் தோற்கடித்த அதே தென் கொரியா. காய்ச்சலிலிருந்து எழுந்த தங்கராஜ் கோல் காத்தார். காற்பெருவிரலில் காயமுற்ற திரிலோக் சிங் வலியோடு ஆடினார். 17ஆம் நிமிடத்தில் பானர்ஜி முதற் கோலைப் போட்டார். மூன்று நிமிடங்கள் கழித்து, தையலிட்ட தலையோடு ஆடிய ஜர்னைல் இரண்டாவதைப் போட்டார். ஆட்டம் முடியும் தறுவாயில் கொரியா ஒரு கோல் போட்டபோதும், இந்தியா 2-1 என வென்றது. நோயுற்ற ஆசான் கேட்ட காணிக்கையை அவர் பிள்ளைகள் அவர் கையில் வைத்தனர்.

தங்கம் நோயைத் தீர்க்கவில்லை. ஐதராபாத்துக்குத் திரும்பிய ரஹீமை நோய் படுக்கையில் வீழ்த்தியது. 1963ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் அவர் இவ்வுலகை விட்டுப் பிரிந்தார். அதற்குப் பின் ஆசிய விளையாட்டு விழாவின் உதைபந்தாட்டத் தங்கம் இந்தியாவுக்குக் கிடைத்ததே இல்லை. பானர்ஜியும் கோஸ்வாமியும் 2020இலும், பலராம் 2023இலும் காலமாயினர். முதுமையிலும் அவர்கள் தம் ஆசானை நன்றியோடு நினைவுகூர்ந்தே வந்தனர். 2024இல் அவர் வாழ்க்கை இந்தித் திரைப்படமாகவும் வெளிவந்தது.

எமக்குரிய பாடம்

கப்பர்நாகூமிலே திமிர்வாதக்காரன் ஒருவனை நால்வர் சுமந்து வந்த நிகழ்ச்சியை மாற்கு நற்செய்தியாளர் எழுதியுள்ளார். கூட்டத்தினால் வாசலை நெருங்க முடியாதபோது, அவர்கள் கூரையைப் பிரித்துக் கட்டிலோடு அவனை ஆண்டவர் முன் இறக்கினர். ஆண்டவர் அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டார் என்றே நற்செய்தி கூறுகின்றது. படுத்திருந்தவனுக்காக மற்றவர்கள் விசுவசித்தார்கள். அவனுக்காகத் தோள் கொடுத்தார்கள். இன்னொருவனுடைய கூரையைப் பிரிக்கவும் துணிந்தார்கள். அந்த நால்வரின் பெயர் எமக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் நண்பர்கள் என்பது தெரியும்.

ஜகார்த்தா வீரர்களும் தம்மாலான முறையில் ஒரு கட்டிலைச் சுமந்தார்கள். அவர்கள் ரஹீமுக்காக அழுதுகொண்டு நிற்கவில்லை. அவர் உயிராய் நேசித்த வேலையை அவரோடு சேர்ந்து முடித்துக் கொடுத்தார்கள். சாகும் வரையில் அவர் நோயாளியாக மட்டும் இருக்கவில்லை, பயிற்றுநராகவே இருந்தார். நோயாளியிடமிருந்து நோய் முதலிற் பறிப்பது உடற்பலத்தை என்று நினைக்கிறோம். உண்மையில் அதற்கு முன்பே அவனுடைய இடம் பறிபோகின்றது. அணியில் அவனுக்கென்றிருந்த இடத்தை வேறொருவன் நிரப்புகிறான். அவனிடம் ஒருவரும் ஆலோசனை கேட்பதில்லை. இந்தக் கொள்ளையைத் தடுக்க நண்பர்களால் முடியும்; வைத்தியரால் முடியாது.

ஆகவே, முன்னாளில் ஒன்றாய்ப் பந்துதைத்த தோட்டத்து அண்ணன்மாரிடமும் தம்பிமாரிடமும் ஒன்று கேட்கின்றோம். உங்கள் அணியிலே இன்று நோயுற்றிருப்பவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். இந்த மாதம் கிளினிக்குக்கு அவரோடு பஸ்ஸில் போவது யார், அடுத்த மாதம் யார் என்று ஒரு கொப்பியில் பெயர் எழுதி வையுங்கள். போகிறவருடைய ஒரு நாட் கூலியை மற்றவர்கள் பகிர்ந்து கொடுங்கள். இரத்தம் தேவையானால் பதுளை ஆஸ்பத்திரிக்குச் சேர்ந்தே செல்லுங்கள். ஞாயிறு மாலையில் மைதானத்து ஓரமாக ஒரு கதிரையைப் போட்டு அவரை இருத்தி, சிறுவர்களின் ஆட்டத்தைப் பார்த்துப் பிழை திருத்தச் சொல்லுங்கள். நோயில்பூசுதல் என்னும் அருட்சாதனத்துக்காகக் குருவை அழைக்கும்போது, அந்தச் செபத்தில் நீங்களும் கட்டிலருகே நில்லுங்கள்.

நோயுற்றிருக்கும் சகோதரரே, உம்மிடமும் ஒரு வார்த்தை. ரஹீம் சாஹிப் தமக்கு வேண்டியதை வாய்விட்டுக் கேட்டார். கேட்டதனால் அவர் மதிப்புக் குறையவில்லை. நீரும் கேளும். உமது நண்பர்கள் வாசலுக்கு வெளியே, என்ன செய்வதென்று அறியாமல் நின்றுகொண்டிருக்கக் கூடும்.