பாட்டும் படிச்ச வைத்தியர்

எங்க கிளாஸ்ல ஒருத்தன் இருக்கான். ஃபைனல் இயர். அவங்க அப்பா அவிநாசி ரோடு பக்கம் பத்துப் பன்னெண்டு மெஷின் போட்டு, பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் தைச்சுக் குடுக்கறாரு. பையன் டிகிரி முடிச்சுட்டு தொழிலைப் பார்ப்பான்னு அவர் கணக்கு. இவனோ மியூசிக் தெரபி படிக்கப் போறேன்னு நிக்கறான். வைத்தியமும் பாட்டும் ரெண்டும் படிச்சு நம்மூர்ப் பக்கம் எவனாச்சும் பொழைச்சிருக்கானான்னு அவர் கேட்டாராம். நியாயமான கேள்விதான். அதுக்குப் பதில் தேடினப்போ எங்களுக்குக் கிடைச்ச ஆள், தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர்.

1859ல, தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில பிறந்தவர். வசதியான குடும்பம் இல்லை. திண்டுக்கல்லுக்குப் போய் ஆசிரியர் பயிற்சி எடுத்தார். அங்கேயே வாத்தியார் வேலை. கூடவே சடையாண்டி பட்டர்கிட்ட வயலின் கத்துக்கிட்டார். நமக்கெல்லாம் ஒரு செமஸ்டர்ல ஒரு எலக்டிவ் எடுக்கவே மூச்சு வாங்குது. இவர் அதோட நிக்காம சுருளி மலைக்குப் போய், கருணானந்தர்னு ஒரு முனிவர்கிட்ட சித்த வைத்தியமும் படிச்சார்.

கல்யாணத்துக்கு அப்புறம் தஞ்சாவூர். கணவன் மனைவி ரெண்டு பேருமே பள்ளிக்கூடத்துல வேலை பார்த்தாங்க. 1890ல பண்டிதர் அந்த வேலையை விட்டுட்டு முழுநேர வைத்தியத்துல இறங்கினார். கருணானந்தர் பேர்லயே அவர் செஞ்ச சஞ்சீவி மருந்துகள் தமிழ்நாடு தாண்டியும் வித்துச்சு. ஊருக்கு வெளிய நிலம் வாங்கி மூலிகை வளர்த்தார். ஜனங்க அதைப் பண்டிதர் தோட்டம்னு கூப்பிட்டாங்க.

காசு வந்துச்சு. அதை எங்க போட்டார்ங்கறதுதான் விஷயம். 1912ல சங்கீத வித்தியா மகாஜன சங்கம்னு ஒண்ணு ஆரம்பிச்சு, வித்வான்களைத் தஞ்சாவூருக்குக் கூப்பிட்டு வரிசையா ஏழு மாநாடு நடத்தினார். செலவு பூரா சொந்தக் காசு. விவாதம் எதைப் பத்தி? ஒரு ஸ்தாயியில எத்தனை சுருதி இருக்குங்கறதைப் பத்தி! வடமொழி நூல்களை வெச்சு 22ன்னு சொல்லிட்டு இருந்தாங்க. இவர் சிலப்பதிகாரத்தையும் அதோட உரையையும் தோண்டி, இல்லை, 24, அதுவும் சமமான 24ன்னு நின்னார். நம்ம பாஷையில சொன்னா, மேல் ஸட்ஜத்தோட அதிர்வெண் கீழ் ஸட்ஜத்தை விட 2 மடங்கு. அந்த 2 மடங்கை 24 சமப் படியா வெட்டினா, ஒவ்வொரு படியும் முந்தினதை விட சுமார் 1.029 மடங்கு. கால்குலேட்டர் இல்லாத காலத்துல இந்த மாதிரிக் கணக்கைப் பட்டியல் பட்டியலா போட்டு வெச்சிருக்கார். (எங்க மேத்ஸ் சார் பார்த்தா கண்ணீர் விடுவார்.)

1916ல பரோடாவுல நடந்த அகில இந்திய இசை மாநாட்டுக்குப் போய், தன் வீட்டுப் பெண்களைப் பாட வெச்சே இதை நிரூபிச்சுக் காட்டப் பார்த்தார். எல்லாரும் ஒத்துக்கலை. இன்னைக்கும் ஒத்துக்காதவங்க இருக்காங்க. மறு வருஷமே கருணாமிர்த சாகரம் வந்துச்சு. 1000 பக்கத்துக்கு மேல. அச்சகமும் சொந்தமா வெச்சிருந்தார்! 1919 ஆகஸ்ட் 31ல காலமானார்.

அப்போ அவர் மியூசிக் தெரபிஸ்டா? இல்லீங்க. இதுல நண்பனும் நானும் சண்டையே போட்டோம். அவர் பேர் வாங்கினது மருந்தால. பாட்டை அவர் பாட்டாவே ஆராய்ச்சி பண்ணினார். மியூசிக் தெரபிக்குன்னு முதல் பட்டப்படிப்பு அமெரிக்காவுல மிச்சிகன்ல வந்ததே 1944ல, இவர் போய் 25 வருஷம் கழிச்சு. இன்னைக்கு அங்க சான்றிதழ் வேணும்னா படிப்போட 1200 மணி நேரம் நேரடிப் பயிற்சி முடிச்சு, அப்புறம் ஒரு பரீட்சையும் எழுதணும். நம்ம பக்கத்துல புதுச்சேரி மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரியிலயே இதுக்குன்னு ஒரு மையம் இருக்கு. கீபோர்டு நல்லா வாசிச்சா மட்டும் பத்தாது, உடம்பும் மனசும் எப்படி வேலை செய்யுதுன்னும் படிக்கணும்.

நண்பன் இதையெல்லாம் அப்பாகிட்ட சொன்னான். பண்டிதர் முதல்ல வாத்தியார் வேலையை எத்தனை வருஷம் பார்த்தார்னு கேட்டாராம். அதைச் சொல்லப் போய், இப்போ பேச்சு ரெண்டு வருஷம் கம்பெனியைப் பார்த்துட்டு அப்புறம் படிங்கற இடத்துல நிக்குது. இவன் ஒரு வருஷம்ங்கறான்.