ஆசிரியர் ஜான் டூயி

நமது நாட்டில் சரித்திரப் பாடம் என்றாலே பிள்ளைகளுக்குக் கொட்டாவி வருகிறது. அதற்குப் பிள்ளைகளைக் குறை கூறுவதற்கில்லை. அரசர்களின் பெயர்களையும், யுத்தங்கள் நடந்த வருஷங்களையும், கவர்னர் ஜெனரல்களின் வரிசையையும் நெட்டுருப் பண்ணிப் பரீட்சைக் காகிதத்தில் கொட்டிவிட்டு மறந்து போவதற்கே சரித்திரம் என்ற பெயர் வழங்கி வருகிறது. இந்நிலையைச் சகியாத பெற்றோர் சிலர் தம் மக்களைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துக் கற்பிக்க முற்பட்டிருக்கின்றனர். ஒரு விஷயத்தைச் சில வார காலம் எடுத்துக்கொண்டு, அதைச் சுற்றியே கணக்கு, பூகோளம், சரித்திரம், கைத்தொழில் யாவற்றையும் பின்னிக் கற்பிப்பது அவர்களிற் பலர் கையாளும் முறை. கோட்டை என்றால் களிமண்ணால் கோட்டை கட்டுகின்றனர். கப்பல் என்றால் மரக்கட்டையில் கப்பல் செதுக்குகின்றனர்.

இம்முயற்சியை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும் நமக்கு ஓர் அச்சமும் உண்டு. கோட்டை கட்டி முடிந்தபின் பிள்ளை அறிந்துகொண்டது யாது என்று விசாரித்தால், களிமண் பிசையக் கற்றது என்பதே விடையாகி விடலாகாது. இம்முறையின் பலத்தையும் அபாயத்தையும் ஒருங்கே உணர்ந்திருந்த ஒரு பேரறிஞரின் சரிதையை இன்று நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம். அவர்தாம் அமெரிக்கத் தத்துவ சாஸ்திரியாகிய ஜான் டூயி.

டூயி 1859-ம் வருஷம் அக்டோபர் மாதம் 20-ந் தேதி, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்கிலுள்ள வெர்மாண்ட் ராஜ்யத்தில், பர்லிங்டன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் மளிகை வியாபாரி. அந்நாட்டில் அதற்கு இரண்டொரு தலைமுறை முன்வரை, ஆட்டு ரோமம் கத்தரித்து நூற்று நெய்வதும், மெழுகுவர்த்தி வார்ப்பதும், தட்டுமுட்டுச் சாமான்கள் செய்வதும் வீட்டிலும் அண்டை அயலிலுமே நடந்து வந்தன. பிள்ளைகள் அவ்வேலைகளில் பங்குகொண்டு, உலகம் எவ்வாறு நடைபெறுகிறது என்பதைக் கண்ணெதிரே கண்டு வளர்ந்தனர். ஆலைகள் பெருகவே இவையெல்லாம் வீட்டை விட்டு அகன்றன. வீட்டிலிருந்து வெளியேறிய இக்கல்வியை இனி யார் தருவது என்ற கேள்வியே பிற்காலத்தில் டூயியின் ஆராய்ச்சிக்கு வித்தாயிற்று.

அவர் 1879-ம் வருஷம் வெர்மாண்ட் சர்வகலாசாலையில் பட்டம் பெற்றார். பின்னர் பென்ஸில்வேனியா ராஜ்யத்து எண்ணெய்க் கிணற்று ஊர் ஒன்றில் இரண்டு வருஷம் உபாத்தியாயராக இருந்தார். 1884-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் தத்துவ சாஸ்திரத்தில் டாக்டர் பட்டம் பெற்று, மிச்சிகன் சர்வகலாசாலையில் ஆசிரியரானார். 1886-ல் ஆலிஸ் சிப்மன் என்னும் மாதரசியை மணந்தார். அந்த அம்மையார் தம் கணவரின் கவனத்தை ஏட்டுத் தத்துவத்தினின்றும் நாட்டு மக்களின் அன்றாட வாழ்க்கைக்குத் திருப்பியவர்.

1894-ம் வருஷம் டூயி சிகாகோ சர்வகலாசாலையின் அழைப்பை ஏற்று அந்நகரம் சென்றார். அவ்வருஷக் கோடையில் புல்மன் கம்பெனித் தொழிலாளரின் வேலை நிறுத்தம் ரயில்களை ஸ்தம்பிக்கச் செய்திருந்தது. பட்டாளம் நகருக்குள் புகுந்திருந்தது. அடுத்த வருஷமே குடும்பத்துக்கு ஒரு பேரிடி விழுந்தது. அவர்களுடைய சிறு குழந்தை மாரிஸ் இத்தாலி தேசத்து மிலான் நகரில் நோயுற்று இறந்தது. அத்துயரம் ஆறுவதற்குள், 1896-ம் வருஷம் ஜனவரி மாதம், டூயி தம்பதிகள் ஒரு சிறு பள்ளியைத் துவக்கினர். ஒரு வீடு, 16 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். தம் சொந்த மக்களையும் டூயி அதிலேயே சேர்த்தார். ரசாயன சாஸ்திரத்துக்குப் பரிசோதனைச் சாலை இருப்பது போலக் கல்விக்கும் ஒன்று வேண்டும் என்பது அவர் கருத்து. அதனால் அது பரிசோதனைப் பள்ளி என்றே பெயர் பெற்றது.

பள்ளிக்கு மேஜை நாற்காலி வாங்க அவர் கடை கடையாக ஏறி இறங்கினார். பிள்ளைகள் நின்றும் நடந்தும் வேலை செய்வதற்கேற்ற மேஜை எங்கும் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு கடைக்காரர், தம்மிடம் இருப்பவை யாவும் உட்கார்ந்து கேட்பதற்கென்றே செய்தவை என்றும், டூயி வேண்டுவதோ பிள்ளைகள் வேலை செய்வதற்கு உரியவை என்றும் உள்ளதை உள்ளபடி கூறிவிட்டாராம். ஒரு தேசத்தின் கல்வி முறை முழுவதையும் அக்கடைக்காரர் அறியாமலே விளக்கிவிட்டார் என்று டூயிக்குத் தோன்றியது.

இனி, அப்பள்ளியில் சரித்திரம் கற்பித்த விதத்தைக் கூறுவோம். ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு வீட்டுத் தொழில்களும் பண்ணையுமே பாடம். அவர்கள் மரத்துண்டுகளால் பண்ணை வீடு கட்டினர், கோதுமை விதைத்தனர், தானியம் எவ்வாறு மாவாகி உணவாகிறது என்பதைத் தாமே சமைத்து அறிந்தனர். ஏழு வயதில் ஆதி மனிதனின் வாழ்க்கை வந்தது. ஆயுதமும் நெருப்பும் மண்பாண்டமும் இல்லாத மனிதன் என்ன செய்திருப்பான் என்று யோசித்து, ஒவ்வொரு கண்டுபிடிப்பையும் அவர்கள் மீண்டும் கண்டுபிடிக்க முயன்றனர். எட்டு வயதில் பினீஷிய வணிகரும் கடலோடிகளும். ஒன்பதில் தங்கள் சொந்த நகரமாகிய சிகாகோவின் கதை. பத்தில் அமெரிக்கக் குடியேற்றங்களும் சுதந்தரப் போராட்டமும். அதன் பின்னரே அக்குடியேறிகளின் பூர்விகமாகிய ஐரோப்பா. மூத்த பிள்ளைகள் தங்கள் சங்கத்துக்கென ஒரு சிறு கட்டிடத்தையே திட்டமிட்டு எழுப்பினர். வருஷம் முழுவதற்கும் ஒரு பொருள். கணக்கும் பூகோளமும் எழுத்தும் அப்பொருளை அறிவதற்கு வேண்டியபோது வந்து சேரும். இதுவே அங்கு நடந்த ஏற்பாடு.

இவற்றுள் நம்மை மிகவும் கவர்ந்தது நூற்புப் பாடமாகும். பிள்ளைகளின் கையில் பருத்திக் காயும், ஆளிச் செடியின் நாரும், ஆட்டின் முதுகிலிருந்து வந்தபடியே ரோமமும் கொடுக்கப்பட்டன. பருத்தியின் கொட்டையை விரலால் நீக்கப் புகுந்த ஒரு கூட்டத்தினர் அரை மணி நேரம் உழைத்தும் ஓர் அவுன்ஸ் பஞ்சுகூடச் சேரவில்லை. ரோமமோ அப்படியன்று, அதன் இழை நீண்டது, சொரசொரப்பானது, ஒன்றோடொன்று பற்றிக்கொள்வது. தங்கள் முன்னோர் பருத்தி உடுக்காமல் கம்பளி உடுத்த காரணம் அப்போது அவர்களுக்கு விளங்கிற்று. டூயியும் அதுவரை அதனை அறிந்திருக்கவில்லை. பிள்ளைகளிடமிருந்தே தாம் கற்றதாக வெட்கமின்றி ஒப்புக்கொண்டார். பின்பு அவர்கள் கூர்முள் பதித்த பலகைகளால் ரோமத்தைச் சிக்கெடுத்தனர். துளையிட்ட கல்லைச் சுழல விட்டு நூல் இழுத்தனர். அதன்பின் ஒவ்வொரு கருவியாகச் சரித்திரம் சென்ற வரிசையிலேயே சென்றனர்.

இங்கே நாம் ஒரு வார்த்தை சேர்க்க வேண்டும். அப்பிள்ளைகள் கண்ட முடிவு குளிர் நாட்டாராகிய அவர்கள் முன்னோருக்குப் பொருந்தும், நமக்குப் பொருந்தாது. நாலாயிரம் வருஷங்களுக்கு முந்திய மொஹஞ்சதாரோவில் பருத்தித் துணியின் எச்சம் அகப்பட்டிருக்கிறது. இரட்டை உருளை கொண்ட சிறு மர யந்திரத்தால் கொட்டை நீக்கும் வித்தை நம் நாட்டில் மிகப் பழமையானது. ஆகவே அதே அரை மணி வேலையை ஒரு தமிழ்ப் பிள்ளை செய்தால் வேறு கேள்விகள் பிறக்கும். இத்தனை கடினமான வேலையை வென்று உலகுக்கு உடை கொடுத்த நாடு, லங்காஷயர் துணிக்குக் கை நீட்டியது எவ்வாறு? 1793-ல் விட்னி என்ற அமெரிக்கர் கொட்டை நீக்கும் யந்திரம் ஒன்றை அமைத்தபின், அந்நாட்டுத் தென் பகுதியில் நீக்ரோ அடிமைத்தனம் குறையாமல் பெருகியது ஏன்? 1905-ல் வங்காளத்தில் அந்நியத் துணி பகிஷ்காரம் மூண்டது ஏன்? ஒரு பிடி பருத்தியினின்றும் இத்தனையும் கிளைக்கும். வக்கீல் தொழிலில் பழகிய நாம் அறிந்தது ஒன்றுண்டு. பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்லும் சாட்சி குறுக்கு விசாரணையில் நிற்பதில்லை. கண்ணாற் கண்டு கையால் தொட்டவன் சாட்சியம் எளிதில் கலைவதில்லை. விரல் நோகப் பஞ்சு பிரித்த பிள்ளையின் சரித்திர அறிவும் அத்தகையதே.

டூயியின் நண்பர் ஜேன் ஆடம்ஸ் அம்மையார் சிகாகோவில் ஏழைக் குடியேறிகளுக்காக ஹல் ஹவுஸ் என்ற சேவா நிலையத்தை நடத்தி வந்தார். அங்கே 1900-ம் வருஷம் தொழில் காட்சிசாலை ஒன்று ஏற்பட்டது. இத்தாலியிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வந்த முதிய மாதர்கள் தத்தம் நாட்டு முறைப்படி அங்கே நூற்றுக் காட்டினர். இத்தாலியச் சிறுமி ஒருத்தி, கிராமத்து உடையிலிருந்த தன் தாயுடன் சேர்ந்து வர வெட்கி, தான் மட்டும் வேறு வாயில் வழியாக வருவது வழக்கம். ஒரு நாள் கல்வியாளர் கூட்டமொன்று தாயின் நூற்புத் திறத்தை வியந்து பாராட்டுவதை அவள் கண்டாள். அதன்பின் தாயுடன் ஒரே வாயில் வழியாக வரலானாள். ஆங்கிலப் படிப்புப் படித்துப் பெற்றோரின் பேச்சுக்கும் உடைக்கும் நாணிய தலைமுறைகள் நம் நாட்டிலும் உண்டு. நாமும் அப்படிப்பில் வளர்ந்தவரே. ஆதலின் அச்சிறுமியின் வெட்கம் நமக்குப் புதிதன்று. தன் குலத்தாரின் கைத்திறனைப் பிள்ளை மதிக்கும்படி செய்யாத சரித்திரப் பாடம் எத்தனை பக்கம் நீண்டாலும் பயனில்லை.

பரிசோதனைப் பள்ளி சில வருஷங்களில் சுமார் 140 பிள்ளைகள் கொண்டதாக வளர்ந்தது. பெற்றோர்கள் சங்கம் அமைத்து அதற்குத் துணை நின்றனர். 1899-ல் அவர்கள் முன் டூயி செய்த பிரசங்கங்களே பள்ளியும் சமூகமும் என்ற பிரசித்தமான நூலாயின. ஆனால் சர்வகலாசாலைத் தலைவர் ஹார்ப்பருக்கும் அவருக்கும் பிணக்கு நேர்ந்தது. வேறொரு பள்ளியை இதனுடன் இணைத்தபின், தலைமையாசிரியராயிருந்த ஆலிஸ் அம்மையாரின் உத்தியோகம் நிலையானதன்று என்று தெரியவரவே, 1904-ல் இருவரும் ராஜினாமா செய்து வெளியேறினர். அவ்வருஷமே ஐரோப்பிய யாத்திரையில் எட்டு வயது மகன் கார்டன் விஷ ஜுரத்தால் மாண்டான். பள்ளியையும் பிள்ளையையும் ஒரே வருஷத்தில் இழந்த தம்பதிகள், இத்தாலியில் சபீனோ என்ற ஒரு சிறுவனைத் தத்தெடுத்துக்கொண்டு நாடு திரும்பினர்.

நியூயார்க்கிலுள்ள கொலம்பியா சர்வகலாசாலையில் எஞ்சிய ஆசிரிய வாழ்வு கழிந்தது. 1913 முதல் 1916 வரை அங்கே பயின்ற நம் டாக்டர் அம்பேத்கர் அவருடைய மாணாக்கர் என்பது நேயர்கள் அறியத் தக்கது. 1919-ல் ஜப்பானுக்குச் சென்றபோது அந்நாட்டுச் சர்க்கார் அளிக்க முன்வந்த பட்டத்தை அவர் மறுத்தார். அங்கிருந்து சீனா சென்றபோது மே மாதத்து மாணவர் கிளர்ச்சி மூண்டது. இரண்டு வருஷ காலம் அந்நாட்டிலே தங்கிப் பிரசங்கம் செய்தார். அவர் மாணாக்கராகிய தாவ் ஷிங்ஜி 1927-ல் நான்கிங் அருகே கிராம ஆசிரியர்களுக்கென ஒரு பள்ளி கண்டார். 1937-ல் காந்தியடிகள் வார்தாவில் வெளியிட்ட ஆதாரக் கல்வித் திட்டமும் ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து மற்றப் பாடங்களை அதனோடு இணைப்பதே. அடிமைப்பட்ட தேசமும் யந்திரமயமான தேசமும் வெவ்வேறு வழியில் நடந்து ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன எனலாம்.

டூயியின் பெயரைச் சொல்லிக்கொண்டு அமெரிக்காவில் பல பள்ளிகள் முளைத்தன. அவற்றிற் சிலவற்றில் பிள்ளைகள் ஓயாமல் வெட்டினர், ஒட்டினர், வர்ணம் பூசினர். ஏன் என்று கேட்பாரில்லை. 1938-ல், தமது 78-வது வயதில், டூயி ஒரு சிறு நூல் எழுதித் தம்மைப் பின்பற்றியவர்களையே எச்சரித்தார். அனுபவம் எல்லாம் கல்வியாகிவிடாது என்றும், அடுத்த அனுபவத்துக்கு வழி திறவாத அனுபவம் கல்விக்குக் கேடு விளைப்பதே என்றும் அதில் விளக்கினார். நாம் முதலில் குறித்த அச்சத்துக்கு விடை இதுவே. கை வேலைக்கு முன்னே ஒரு கேள்வி இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் மற்றொரு கேள்வி பிறக்க வேண்டும். செஞ்சிக் கோட்டையைக் களிமண்ணில் அமைக்கும் பிள்ளையிடம், மூன்று குன்றுகளை இணைத்து மதில் எழுப்பியது எதற்கு, முற்றுகையில் அகப்பட்டவர் தண்ணீருக்கு எங்கே போயினர் என்று கேளுங்கள். விடை தெரியாத பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை. பிள்ளைகளிடம் பருத்தியைப் பற்றிக் கற்றுக்கொண்ட டூயி அவர்களுக்குத் துணையிருக்கிறார்.

ஜான் டூயி 1952-ம் வருஷம் ஜூன் மாதம் 1-ந் தேதி நியூயார்க்கில், 92-வது வயதில் காலமானார். அவர் நடத்திய பள்ளி அவர் கையில் இருந்தது எட்டு வருஷங்களே. அத்தகைய பள்ளிகளை ஊர்தோறும் அமைக்கச் சர்க்காரை வற்புறுத்துவது தேசத் தொண்டர்களின் கடமை. அது நிறைவேறும் வரை, பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கும் மாலை நேரம் உண்டு, வீடு உண்டு, பாட்டியின் பெட்டியில் ஒரு பழைய தக்ளியும் இருக்கக் கூடும். நேயர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமையே அதை எடுத்துத் தம் மக்கள் கையில் கொடுப்பார்களாக.