நாய் ஏன் கடிக்கிறது? மணியடித்த பாவ்லோவின் வாழ்க்கையில் இருக்கும் பதில்

மதுரை செல்லூர்ல பல தெருக்கள் ரொம்ப குறுகல். ஒரு பைக் நுழைந்தால் எதிரே வரும் சைக்கிள் ஒதுங்கி நிற்க வேண்டும். வீட்டு நாய், தெரு நாய், டெலிவரி கொண்டு வருபவர், ஸ்கூலுக்குப் போகும் பிள்ளைகள் என எல்லோரும் அந்த இடைவெளியில்தான் புழங்கணும். அங்கே ஒரு நாய் கடித்துவிட்டால் அடுத்து நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். சங்கிலியை இறுக்கிக் கட்டி, குச்சியை எடுப்பது.

2024-ல் மட்டும் நாடு முழுக்க 37 லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்க்கடி சம்பவங்கள் பதிவானதாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அதனால இது சின்ன விஷயம் இல்லை. அடித்தால் நாய் திருந்துமா, இல்லை இன்னும் மோசமாகுமா என்பது குழந்தைகளின் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட கேள்வி.

பதிலுக்கான அடிப்படையை நூறு வருஷத்துக்கு முன்பே போட்டு வைத்தவர் ஒரு ரஷ்ய விஞ்ஞானி, இவான் பாவ்லோவ். மணியடித்தால் எச்சில் ஊறும் நாய் என்ற ஒரே வரியோடு பாடப்புத்தகம் அவரை முடித்துவிடும். ஆனா சாதுவான நாய் எப்படிக் கடிநாய் ஆகிறது என்பதையும் அவருடைய ஆய்வகம் கண்ணால் பார்த்திருக்கிறது.

பாதிரியார் வீட்டுப் பிள்ளை

பாவ்லோவ் பிறந்தது 1849 செப்டம்பரில், மாஸ்கோவுக்குத் தென்கிழக்கே உள்ள ரியாசான் ஊரில். அப்பா தேவாலயப் பாதிரியார். வீட்டில் நிறைய பிள்ளைகள், இவர்தான் மூத்தவர். சின்ன வயதில் உயரமான சுவரிலிருந்து விழுந்து பலத்த அடி. உடம்பு தேறவே ரொம்ப நாள் ஆனது. பள்ளிக்கூடம் போனதே 11 வயதில்தான்.

அப்பா வழியில் பாதிரியார் ஆக வேண்டியவர் என்று செமினரியில் சேர்த்தார்கள். ஆனா அங்கே படிக்கும்போது செச்செனோவ் என்ற உடலியல் அறிஞரின் எழுத்து கையில் கிடைத்தது. மூளையின் வேலைகளையும் அனிச்சைச் செயல்களாக விளக்க முடியும் என்ற கருத்து அவரைப் பிடித்துக்கொண்டது. 1870-ல் செமினரியை விட்டுவிட்டு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

அடுத்த இருபது வருஷம் கஷ்டகாலம். 1881-ல் கல்யாணம், 1883-ல் டாக்டர் பட்டம், பிறகு இரண்டு வருஷம் ஜெர்மனியில் ஆய்வு. கையில் காசு நிற்கவில்லை. வாடகைக்கு வழியில்லாமல் கணவனும் மனைவியும் தனித்தனியாக இருந்த நாட்களும் உண்டு. 1890-ல், 41-ஆவது வயதில்தான் ராணுவ மருத்துவ அகாடமியில் பேராசிரியர் வேலை கிடைத்தது. அடுத்து பரிசோதனை மருத்துவ நிறுவனத்தில் உடலியல் பிரிவின் தலைமைப் பொறுப்பும் வந்தது.

காலடிச் சத்தத்துக்கே எச்சில்

அவர் முதலில் ஆராய்ந்தது நாயின் மனதை இல்லை, ஜீரணத்தை. அந்தக் காலத்தில் விலங்கை அறுத்துப் பார்த்து, அது சாவதற்குள் அவசரமாகக் குறிப்பெடுப்பதுதான் பரவலான வழக்கம். பாவ்லோவ் வேறு வழியில் போனார். சுத்தமான அறுவை அரங்கில் ஆபரேஷன் செய்து, நாயைத் தேற்றி, மாதக்கணக்கில் உயிரோடு வைத்து, அதன் வயிற்றுச் சுரப்பிகள் எப்படி வேலை செய்கின்றன என்று அளந்தார். அந்த ஆய்வுக்குத்தான் 1904-ல் நோபல் பரிசு. ரஷ்யாவுக்குக் கிடைத்த முதல் நோபல் அது.

அந்த ஆய்வில் ஒரு தொந்தரவு இருந்தது. சாப்பாடு வாய்க்கு வருவதற்கு முன்பே, சாப்பாடு கொண்டு வருபவரின் காலடிச் சத்தத்துக்கே நாய்களுக்கு எச்சில் ஊறியது. வேறொருவர் இதை அளவீட்டுப் பிழை என்று ஒதுக்கியிருக்கலாம். பாவ்லோவ் தன் மிச்ச வாழ்க்கையை இதற்கே கொடுத்தார். சம்பந்தமே இல்லாத ஒரு சத்தமோ உருவமோ, சாப்பாட்டோடும் வலியோடும் நாயின் மூளையில் முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. பாடப்புத்தகங்கள் இதை ஆக்கநிலையுறுத்தல் என்கின்றன. இன்னொரு விஷயம், பாடத்தில் வருகிற மணியை அவர் பெரிதாக நம்பவில்லை. மெட்ரோனோம், பஸர் மாதிரி துல்லியமாகக் கட்டுப்படுத்தக்கூடிய கருவிகளைத்தான் அதிகம் பயன்படுத்தினார்.

இதை அப்படியே தெருவுக்குக் கொண்டு வாருங்கள். ஹெல்மெட் போட்ட ஒருவர் ஒரு தடவை கல்லால் அடித்திருந்தால், அந்த நாய்க்கு அடுத்து வரும் ஹெல்மெட் எல்லாமே கல்தான். ஒரு சத்தத்துக்குப் பழகிய நாய் அதைப்போன்ற மற்ற சத்தங்களுக்கும் அதேபோல எதிர்வினை காட்டும் என்பதும் பாவ்லோவ் ஆய்வகத்தில் பதிவான உண்மை.

வட்டமும் நீள்வட்டமும்

1914 வாக்கில் அவருடைய மாணவி ஷெங்கர் கிரெஸ்டோவ்னிகோவா ஒரு சோதனை செய்தார். வட்டத்தைக் காட்டினால் சாப்பாடு வரும், நீள்வட்டத்தைக் காட்டினால் வராது. நாய் சுலபமாகக் கற்றுக்கொண்டது. பிறகு நீள்வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வட்டம்போல ஆக்கிக்கொண்டே போனார்கள். ஒரு கட்டத்தில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாத நிலை. அப்படியும் மூன்று வாரம் சோதனையை விடவில்லை.

அதுவரை மேடையில் அமைதியாக நின்ற நாய் கத்தியது, திமிறியது, உடம்பில் மாட்டியிருந்த கருவிகளைக் கடித்துப் பிய்த்தது. அந்த அறைக்குக் கூட்டிப் போனாலே ஆவேசமாகக் குரைத்தது. முன்பு சரியாகச் செய்த சுலபமான பாடமும் அதற்கு மறந்துபோனது.

இதில் கவனிக்க வேண்டியது, நாயை யாரும் அடிக்கவில்லை. அடுத்து என்ன நடக்கும் என்று கணிக்க முடியாத குழப்பமே போதுமானதாக இருந்தது. ஒருநாள் சோபாவில் ஏறினால் கொஞ்சல், மறுநாள் அதே சோபாவுக்கு அடி என்று வளர்க்கும் வீடுகள் இந்தச் சோதனையைக் கொஞ்சம் யோசிச்சுப் பார்க்கலாம்.

நாய் மாறவில்லை, சூழல் மாறியது

அதே காலகட்டத்தில் பாவ்லோவும் மரியா பெட்ரோவாவும் அந்நியர்கள் மீது பாயும் ஒரு நாயை ஆராய்ந்தார்கள். சோதனை அறையில் கட்டப்பட்டு, தனக்குப் பழகிய ஆய்வாளர் பக்கத்தில் இருக்கும்போது யார் உள்ளே வந்தாலும் அது சீறும். அந்த அறையையும் கட்டையும் விட்டு வெளியே வந்தால் சீற்றம் பெரிதும் குறைந்துவிடும். கட்டிப்போட்ட நிலை, அடைபட்ட இடம், உரிமையாளரின் அருகாமை மூன்றும் சேரும்போது காவல் உணர்வு உச்சத்துக்குப் போகிறது என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த விளக்கம்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை போன்ற நம்ம நாட்டு நாய்களை வளர்ப்பவர்களுக்கு இது புதுசு இல்லை. கேட்டுக்குப் பின்னால் சங்கிலியில் இருக்கும்போது புலியாக இருக்கும் நாய், வெளியே நடக்கும்போது சாதுவாகப் போகும். காரணம் இனமும் ரத்தமும் மட்டும் இல்லை, கட்டிப்போட்ட இடமும்தான்.

வெள்ளம் கற்றுக்கொடுத்தது

1924 செப்டம்பர் 23-ல் நேவா நதி பெருகி லெனின்கிராடு நகரமே மூழ்கியது. பாவ்லோவின் நாய்க் கூண்டுகளுக்குள் தண்ணீர் ஏறியது. கூண்டுக் கதவுகள் தாழ்வாக இருந்ததால், நாய்களின் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கித்தான் வெளியே இழுக்க முடிந்தது. உயிர் பிழைத்த சில நாய்களிடம் வருஷக்கணக்கில் பழக்கிய பாடங்கள் காணாமல் போயிருந்தன.

அவற்றில் ஒரு நாயை மெதுவாகத் தேற்றினார்கள். பழகிய ஆய்வாளர் அதனுடன் அறைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால் அது பழையபடி சாப்பிட்டது, பாடத்தையும் செய்தது. அவர் எழுந்து போனால் மறுபடி கலக்கம். எல்லாம் சரியான பிறகு ஒருநாள் கதவுக்கு அடியில் கொஞ்சம் தண்ணீரைக் கசியவிட்டார்கள். அவ்வளவுதான், பழைய பயம் முழுசாகத் திரும்பி வந்தது.

மறைந்துபோன மாதிரி தெரியும் பழக்கம் அழிவதில்லை, அடங்கி மட்டுமே இருக்கிறது என்று பாவ்லோவ் முன்பே எச்சில் சோதனைகளில் பார்த்திருந்தார். மூணு மாசமா கடிக்கலை, இனி கவலையில்லை என்று நினைப்பது ஏன் ஆபத்து என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது.

வலியை மாற்ற முடியுமா?

மரியா எரோஃபீவா என்ற மாணவி 1912 வாக்கில் இன்னொரு சோதனை செய்தார். நாயின் தோலில் ஒரே இடத்தில் லேசான மின்சாரம், உடனே சாப்பாடு. போகப்போக ஷாக் அடித்தாலும் நாய் திமிறாமல், சாப்பாடு வரப்போகிறது என்று எச்சில் ஊறி நின்றது. பயத்தை நல்ல அனுபவத்தோடு இணைத்தால் பயமே மாறும் என்று இதிலிருந்து தெரிந்தது. ஆனா மின்சாரத்தை உடம்பின் வேறு இடங்களுக்கு மாற்றியதும் எல்லாம் உடைந்தது. நாய் முன்பைவிட ஆவேசமாகப் போராடியது. எல்லைக்கு மேல் தள்ளினால் என்ன ஆகும் என்பதற்கும் அதே சோதனைதான் சாட்சி.

அப்போ பாவ்லோவ் நாய்களிடம் கருணை காட்டியவரா? நேரடியாகச் சொன்னால், இன்றைய விதிகளின்படி அவர் செய்த பல சோதனைகளுக்கு அனுமதியே கிடைக்காது. ஆபரேஷனிலும் சோதனையிலும் நிறைய நாய்கள் இறந்தன. புரட்சிக்குப் பிந்தைய பஞ்சத்தில் ஆய்வகத்து நாய்கள் பட்டினியால் செத்தன. அவரும் சட்டென்று கோபப்படும் ஆள்தான். அவர் கண்டுபிடித்ததை எடுத்துக்கொள்ளலாம், அவர் முறைகளை வீட்டுக்குக் கொண்டு வரத் தேவையில்லை.

இன்று ட்ரெய்னரைத் தேடும்போது

பாவ்லோவ் வாழ்ந்த அதே காலத்தில் ஜெர்மனியில் கொன்ராட் மோஸ்ட் என்ற போலீஸ் அதிகாரி 1910-ல் ஒரு பயிற்சிப் புத்தகம் வெளியிட்டார். வலியும் கட்டாயமும் அதில் முக்கியக் கருவிகள். இன்றும் சோக் செயினை இழுப்பது, மல்லாக்கத் தள்ளி அமுக்குவது எல்லாம் அந்தப் பாணியின் தொடர்ச்சிதான். நாய்க்கு நாமதான் தலைவன் என்று காட்டணும் என்ற நம்பிக்கை, 1947-ல் அடைத்து வைத்த ஓநாய்களைப் பற்றி வந்த ஆய்வின் வழியாகப் பரவியது. காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் பெற்றோரும் குட்டிகளும் கொண்ட குடும்பம்தான் என்று டேவிட் மெக் 1999-ல் எழுதிய பிறகு அந்த வாதம் வலுவிழந்தது.

2009-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வெளியானது. நடத்தைப் பிரச்சினைக்காக நாயைக் கூட்டி வந்தவர்களிடம், வீட்டில் என்னென்ன முறைகளைப் பயன்படுத்தினீர்கள் என்று கேட்டார்கள். நாயை அடித்தவர்கள் அல்லது உதைத்தவர்களில் 43 சதவீதம் பேரிடம் நாய் பதிலுக்குச் சீறியிருந்தது. பாவ்லோவ் சொன்ன கணக்குத்தான். அடிக்கும் கை வலியோடு முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. விருந்தாளி வரும்போதெல்லாம் அடி விழுந்தால், விருந்தாளியும் வலியின் அறிகுறி ஆகிவிடுகிறார்.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காது வலி, மூட்டு வலி இருக்கும் நாயும் கடிக்கும்.

உறுமினால் அடிக்காதீர்கள். உறுமல் ஒரு எச்சரிக்கை. அதை அடித்து நிறுத்தினால் பயம் அப்படியே இருக்கும், எச்சரிக்கை மட்டும் போய்விடும். அடுத்த முறை நேராகக் கடிதான்.

நாய் பதறாத தூரத்திலிருந்து ஆரம்பியுங்கள். டெலிவரி பைக் தூரத்தில் தெரிந்த உடனே பிடித்த தீனி, பைக் போனதும் தீனி நிறுத்தம். வரிசை முக்கியம். முதலில் பைக், பிறகு தீனி. மாற்றிச் செய்தால் பாடம் சரியாகப் பதியாது என்பதும் பாவ்லோவ் ஆய்வகத்தில் தெரியவந்ததுதான். தூரத்தை நாள்பட, மெதுவாகக் குறைக்கலாம்.

ட்ரெய்னரிடம் ஒரே கேள்வி போதும். நாய் தப்பு செய்தால் என்ன செய்வீர்கள்? செயின், ஷாக் காலர், அடி என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். ஒரு வாரத்தில் சரி செய்கிறேன் என்பவரையும்தான்.

முன்னேற்றம் தெரிந்தாலும் சின்னக் குழந்தையோடு நாயைத் தனியாக விடவே கூடாது. வெளியே போகும்போது வாய்மூடி போடப் பழக்கலாம்.

தெரு நாய்களுக்கும் இதே கணக்குத்தான். செல்லூரில் மதுரை மாநகராட்சியின் நாய் கருத்தடை மையம் இயங்கி வந்திருக்கிறது. ஆபரேஷனும் தடுப்பூசியும் நாய்களின் எண்ணிக்கையையும் ரேபிஸையும் குறைக்கும். ஆனா அந்த நாய் திரும்பி வரும் தெருவில் கல்லும் குச்சியும் காத்திருந்தால், மனிதர்களைப் பற்றி அது கற்கும் பாடம் மாறாது. ஏற்கனவே கடி வாங்கியிருந்தால் எதற்கும் காத்திருக்காதீர்கள். காயத்தை 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குப் போய் தடுப்பூசி போடுங்கள்.

நாய்க்கு ஒரு சிலை

பாவ்லோவ் கடைசி வரை ஆய்வகத்தை விடவில்லை. சோவியத் அரசின் கைது நடவடிக்கைகளைக் கண்டித்து ஆட்சியாளர்களுக்கே கடிதம் எழுதினார். லெனின்கிராடு பக்கத்தில் கொல்துஷி கிராமத்தில் ஒரு பெரிய ஆய்வு மையத்தை உருவாக்கினார். 1936 பிப்ரவரி 27-ல் நிமோனியாவால் இறந்தபோது வயது 86.

அதற்கு முந்தைய வருஷம், 1935-ல், அவர் வேலை செய்த நிறுவனத்தின் வளாகத்தில் நாய்க்கு ஒரு நினைவுச் சின்னம் வைக்கப்பட்டது. அது இன்றும் அங்கே இருக்கிறது. வலியும் குழப்பமும் பயமும் ஒரு நாயை என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ள அந்த நாய்கள் கொடுத்த விலை ரொம்ப அதிகம். பதில் கைக்கு வந்து நூறு வருஷம் ஆகிவிட்டது. அதே சோதனையை வீட்டு வாசலில் குச்சியோடு மறுபடி செய்து பார்க்க வேண்டியதில்லை.