சாண்டோ யார்?

டி.வி.யில் பழைய எம்.ஜி.ஆர். படம் போட்டால் சாண்டோ சின்னப்பா தேவர் என்று எழுத்து வரும். சாண்டோ என்பது அவர் ஊர்ப் பெயர் என்றே நினைத்திருந்தேன். தாத்தாதான் சிரித்துக்கொண்டு, அது ஒரு வெள்ளைக்காரப் பயில்வான் பேரு புள்ள என்றார். உடனே தேடிப் படித்தேன்.

யூஜின் சாண்டோ 1867-ல் பிரஷ்யாவில் கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்தார். 1889-ல் லண்டன் மேடையில் சாம்ப்சன் என்ற பயில்வானை ஜெயித்துப் புகழ் பெற்றார். 1894-ல் எடிசன் கம்பெனி அவரைப் படம் பிடித்தது.

எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். தன் பலத்தைக் காட்டிக் காசு வாங்கியதோடு நிற்காமல் மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். 1897-ல் லண்டனில் உடற்பயிற்சிப் பள்ளி திறந்தார், அதே வருஷம் புத்தகமும் எழுதினார். வீட்டிலேயே சின்ன டம்பெல்ஸ் வைத்துத் தினமும் செய்கிற பயிற்சிகள் அதில் இருந்தன. பெண்களும் செய்யணும் என்றார். (பி.டி. பீரியடில் வேப்பமரத்தடியில் உட்காரும் தோழிகளே, கவனிக்க!) 1904-ல் இந்தியாவுக்கும் சுற்றுப்பயணம் வந்தார். பிறகு இங்கே பலசாலிகளுக்கு அவர் பெயரே பட்டமாகிவிட்டது. தேவருக்கும் அப்படித்தான். 1911-ல் இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் அவரைத் தமது உடற்பயிற்சிப் பேராசிரியராக நியமித்தார்.

அப்பேர்ப்பட்டவர் 1925-ல் 58 வயதிலேயே இறந்துவிட்டார். லண்டனில் புதைத்த இடத்தில் பல வருஷம் பெயர் எழுதிய கல்கூட இல்லை. அதைப் படித்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

- 9-ஆம் வகுப்பு மாணவி