அபயதானம் செய்த அறிவியலார் டாக்டர் விக்ரம் சாராபாய்

இல்லறத்தாராகிய சிராவகர்க்கு நம் அறநூல்கள் வகுத்துள்ள கடமைகளுள் தானம் தலையாயது. அது ஆகாரதானம், ஔஷததானம், சாத்திரதானம், அபயதானம் என நான்கு வகைப்படும். பசித்தவர்க்கு உணவளித்தல், நோயுற்றவர்க்கு மருந்தளித்தல், கல்லாதவர்க்குக் கல்வி நல்கல் ஆகிய மூன்றும் நம் குடும்பங்களிலும் ஆலயங்களிலும் ஏதேனும் ஒரு வகையில் இன்றும் நடைபெற்று வருகின்றன. நான்காவதாகிய அபயதானத்தைப் பற்றியோ நாம் மிகுதியாகச் சிந்திப்பதில்லை. உயிருக்கு இடர் வரும் வேளையில் அச்சம் நீக்கிக் காப்பதே அபயதானம். கண்ணெதிரே நிற்கும் ஓர் உயிரைக் காப்பது எளிது. முகம் அறியாத இலட்சக்கணக்கான ஏழை மக்களுக்கு அதனை வழங்குவது எங்ஙனம்? இவ்வினாவிற்குச் செயலால் விடை தேடிய பெருமகனார் ஒருவரின் வாழ்க்கையை இவ்விதழில் சிந்திப்போம். அவரே இந்திய விண்வெளி ஆராய்ச்சியின் தந்தை எனப் போற்றப்படும் டாக்டர் விக்ரம் சாராபாய் ஆவார்.

அவரது வரலாற்றைத் தொடங்குமுன் வாசகர்களை நம் மாநிலத்தின் வடகோடிக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம். திருவள்ளூர் மாவட்டத்தில், சென்னையிலிருந்து கூடூர் செல்லும் இருப்புப்பாதையில், ஆந்திர எல்லைக்கு அண்மையில் உள்ளது எளாவூர். அதற்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி பரந்து கிடக்கிறது. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுவே. இதன் கரையெங்கும் மீனவர் குப்பங்கள் உள்ளன. ஏரியில் வலைவீசி வாழ்வோரும் உண்டு. முகத்துவாரம் வழியே கடலுக்குச் செல்வோரும் உண்டு. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. அங்கிருந்து ராக்கெட் புறப்படும்போது வானில் எழும் நெருப்புத் தூண் இக்குப்பத்து மக்களுக்குப் பழகிப்போன காட்சியாகிவிட்டது. நாட்டின் மிக உயர்ந்த அறிவியலும் மிக எளிய வாழ்வும் ஓர் ஏரியின் இரு கரைகளில் எதிரெதிரே நிற்கின்றன. இவ்விரண்டையும் இணைப்பதே விக்ரம் சாராபாயின் வாழ்நாள் நோக்கமாக இருந்தது.

விக்ரம் சாராபாய் 1919ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் நாள் அகமதாபாத் நகரில், புகழ்பெற்ற சமணக் குடும்பம் ஒன்றில் தோன்றினார். தந்தையார் அம்பாலால் சாராபாய் பஞ்சாலை அதிபர்; தாயார் சரளாதேவி. செல்வம் கொழித்த அக்குடும்பத்தில் மிகுபொருள் விரும்பாமை என்னும் நோன்பின் சாயல் பல வகையில் விளங்கியது. 1915இல் காந்தியடிகள் தம் ஆசிரமத்தில் தாழ்த்தப்பட்ட குடும்பம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். அதனால் சினங்கொண்ட செல்வர்கள் உதவியை நிறுத்தினர். அவ்வேளையில் தம் பெயர் வெளிப்படாதவாறு 13,000 ரூபாயை அளித்து ஆசிரமத்தைக் காத்தவர் அம்பாலால் ஆவார். அவருடைய தமக்கையார் அனசூயா அம்மையாரோ ஆலைத் தொழிலாளர்க்காகவே வாழ்ந்தவர். 1918ஆம் ஆண்டு அகமதாபாத் தொழிலாளர்கள் கூலி உயர்வு வேண்டி வேலைநிறுத்தம் செய்தபோது, ஆலை அதிபர்களின் தலைவராகத் தம்பியும் தொழிலாளர் பக்கத்தில் தமக்கையும் நின்றனர். காந்தியடிகள் உண்ணாநோன்பு மேற்கொண்டதன் பின்னர் அவ்வழக்கு நடுவர் தீர்ப்பால் முடிவுற்றது. கருத்து வேறுபாட்டிடையே பகையின்றி வாழும் பண்பு நிலவிய அவ்வில்லத்தில்தான் மறு ஆண்டு விக்ரம் பிறந்தார்.

பிள்ளைகளுக்கென வீட்டிலேயே பள்ளி ஒன்றைப் பெற்றோர் நடத்தினர். அங்குத் தொடங்கிய கல்வி, பின்னர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் தொடர்ந்தது. இரண்டாம் உலகப் போர் மூண்டதால் தாயகம் திரும்பிய இளைஞர் விக்ரம், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சர் சி. வி. இராமனின் வழிகாட்டுதலில் விண்கதிர்களைப் பற்றி ஆராய்ந்தார். 1942இல் சென்னையைச் சேர்ந்த வழக்கறிஞர் சுவாமிநாதன், அம்மு சுவாமிநாதன் இணையரின் மகளும் பரதநாட்டியக் கலைஞருமான மிருணாளினியை மணந்தார். போர் முடிந்தபின் மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்று 1947இல் முனைவர் பட்டம் பெற்றார்.

நாடு விடுதலை பெற்ற அவ்வாண்டிலேயே அவருடைய பணிகள் தொடங்கின. நவம்பர் மாதத்தில், அகமதாபாத் கல்லூரி ஒன்றின் சில அறைகளில் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தை நிறுவினார். ஒன்றோடொன்று போட்டியிட்ட பஞ்சாலைகளுக்குப் பொதுவானதோர் ஆய்வுக் கழகம் தோன்றவும் அவ்வாண்டிலேயே வித்திட்டார். 1961இல் அகமதாபாத்தில் இந்திய மேலாண்மைக் கழகம் உருவாவதற்குப் பெருந்துணையாய் நின்றார். ஒரு நிறுவனத்தைத் தொடங்குவது, தக்கவரைத் தேர்ந்து அதனை ஒப்படைப்பது, பின் அடுத்த பணிக்கு நகர்வது என்பது அவர் கையாண்ட முறை. தாம் படைத்ததைத் தமதென்று பற்றிக்கொள்ளாத இவ்வியல்பு நம் சமயத்தார் மனங்கொள்ளத் தக்கது.

1962இல் விண்வெளி ஆராய்ச்சிக்கான தேசியக் குழு அவர் தலைமையில் அமைந்தது. உணவுப் பற்றாக்குறை மிகுந்திருந்த நாட்டிற்கு ராக்கெட் எதற்கு என்று அந்நாளில் பலர் வினவினர். நியாயமான வினாவே அது. வல்லரசுகளோடு போட்டியிடுவது தம் நோக்கமன்று என்பதை விக்ரம் தெளிவாக உணர்ந்திருந்தார். மழையை முன்னறிதல், பயிர்நோயைக் கண்டறிதல், ஆசிரியர் இல்லாத ஊருக்குக் கல்வியைக் கொண்டு செல்லுதல் ஆகிய பணிகளில் ஏழை நாட்டிற்கே இவ்வறிவியல் மிகுதியும் தேவை என்பது அவர் கொள்கை. செல்வ நாடுகள் ஏறிய படிகளையெல்லாம் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தால், ஏழையின் வாழ்நாள் அதற்குள் முடிந்துவிடும் அல்லவா?

ராக்கெட் ஏவுவதற்கு முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட இடமும் ஒரு மீனவச் சிற்றூரே. திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா, புவியின் காந்த நடுக்கோட்டிற்கு அண்மையில் உள்ளது. அங்கு மீனவர்கள் வழிபட்ட மாதா கோயில் இருந்தது. அக்கோயிலையும் நிலத்தையும் வலிந்து கைப்பற்றாமல், ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா அவர்களை அணுகி விக்ரம் வேண்டினார். மக்கள் இசைந்தனர். அவர்களுக்குப் புதிய குடியிருப்பும் புதிய கோயிலும் அமைந்தன. பழைய கோயிலே அறிவியலாரின் பணிக்கூடமாயிற்று. அங்குப் பணிபுரிந்த இளைஞர்களுள் இராமேசுவரத்துப் படகுக்காரரின் மைந்தர் அப்துல் கலாமும் ஒருவர். ராக்கெட்டின் பகுதிகள் மிதிவண்டியில் எடுத்துச் செல்லப்பட்ட அவ்விடத்திலிருந்து 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் முதல் ராக்கெட் விண்ணில் பாய்ந்தது.

1966 ஜனவரியில் டாக்டர் ஹோமி பாபா விமான விபத்தில் மறைந்ததையடுத்து, அணுசக்தி ஆணையத்தின் தலைமைப் பொறுப்பும் விக்ரமிடம் வந்தது. அணுவாற்றலை ஆக்கப்பணிகளுக்குப் பயன்படுத்துவதில் ஊக்கம் காட்டிய அவர், அணுகுண்டு செய்வதில் நாட்டமற்றவராகவே இருந்தார். அதனால் எழுந்த எதிர்ப்பையும் அவர் பொருட்படுத்தவில்லை.

1967இல் தில்லியைச் சுற்றியுள்ள 80 சிற்றூர்களில் பொதுத் தொலைக்காட்சிப் பெட்டிகள் வைக்கப்பட்டு, உழவர்களுக்கான நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின. அச்சோதனைக்குத் தூண்டுகோலாய் இருந்தவர்களுள் விக்ரம் முதன்மையானவர். அதனை நாடளாவியதாக்க, 1969இல் அமெரிக்க விண்வெளி நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்யப்பட்டது. அதன் பயனாக 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை ஓராண்டுக் காலம், ஆறு மாநிலங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 2,400 பின்தங்கிய சிற்றூர்கள் செயற்கைக்கோள் வழியாகக் கல்வி, வேளாண்மை, உடல்நலம் பற்றிய நிகழ்ச்சிகளைக் கண்டன. வானிலிருந்து வந்த சாத்திரதானம் என்றே இதனைக் கூறலாம்.

இதனைக் காண அவர் உயிரோடு இல்லை. 1969 ஆகஸ்டு 15ஆம் நாள் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் உருவாயிற்று. கிழக்குக் கடற்கரையில் ஏவுதளம் வேண்டி, அவ்வாண்டிலேயே ஸ்ரீஹரிகோட்டா தேர்ந்தெடுக்கப்பட்டது. 1971 அக்டோபர் 9ஆம் நாள் அங்கிருந்து முதல் சிறு ராக்கெட் ஏவப்பட்டது. மூன்று திங்கள் கழியுமுன், அதே ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள், திருவனந்தபுரத்தை அடுத்த கோவளத்தில் உறக்கத்திலேயே விக்ரம் சாராபாய் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 52. மறு ஆண்டு பத்ம விபூஷண் விருது அவருக்கு வழங்கப்பட்டது.

அவர் விதைத்தது விளைந்ததா என்பதற்கு நம் கிழக்குக் கடற்கரையே சான்று. 1977 நவம்பரில் ஆந்திரக் கடற்கரையைத் தாக்கிய புயலில் பத்தாயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1983இல் ஏவப்பட்ட இன்சாட் செயற்கைக்கோள் புயலின் போக்கை வானிலிருந்து இடைவிடாது படமெடுத்தது. 1980களின் பிற்பகுதியில் தமிழக, ஆந்திரக் கடற்கரை ஊர்களில் செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கை பெறும் கருவிகள் நிறுவப்பட்டன. 1990 மே மாதத்தில் ஆந்திரக் கடற்கரையை மீண்டும் ஒரு கடும்புயல் தாக்கியது. முன்னதாகவே ஒன்றரை இலட்சம் மக்கள் வெளியேற்றப்பட்டிருந்தனர். இறந்தோர் தொகை ஆயிரத்திற்குள் அடங்கியது. 1999இல் ஒரிசாவில் ஏறத்தாழ பத்தாயிரம் உயிர்களைப் புயல் கொண்டது. 2013இல் அதே கரையில் பாய்லின் புயல் வீசியபோதோ, பத்து இலட்சம் மக்கள் அளவில் காக்கப்பட்டதால் இறந்தோர் சில பதின்மரே. செயற்கைக்கோள் மட்டும் இதனைச் செய்துவிடவில்லை. புயற்காப்பு இல்லங்களும், ஊர்தோறும் சென்று அழைத்த ஊழியர்களும், செய்தியை நம்பி வீட்டைவிட்டு வெளியேறிய மக்களும் சேர்ந்தே செய்தனர். இதனினும் பெரிய அபயதானம் யாது?

எனினும் குறைகளை மறைப்பது நன்றன்று. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது, முன்னரே ஆழ்கடல் சென்றுவிட்ட குமரி மாவட்ட மீனவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை, பலர் திரும்பவேயில்லை. அதன் பின்னரே நடுக்கடலில் உள்ள படகிற்கும் செய்தி அனுப்பும் கருவிகள் நம் செயற்கைக்கோள்களைக் கொண்டு அமைக்கப்பட்டன. ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுதளம் அமைந்தபோது அத்தீவில் வாழ்ந்த யானாதிப் பழங்குடியினர் தம் பழைய வாழிடங்களை விட்டுப் பெயர நேர்ந்தது. ராக்கெட் ஏவும் நாள்களில் குறிப்பிட்ட கடற்பரப்பிற்குச் செல்லலாகாது எனப் பழவேற்காட்டு மீனவர்கள் தடுக்கப்படுகின்றனர். அன்றைய வருவாய் அவர்களுக்கு இல்லை. விண்வெளி அறிவியலின் பயன், அதற்காக இழந்தவர்களை முதலில் அடைதல் வேண்டும் என்பதே விக்ரம் சாராபாயின் கொள்கையிலிருந்து நாம் பெறும் முடிவு.

இங்கு நம் வாசகர்க்கு ஓர் ஐயம் எழலாம். கொல்லாமையை உயிரெனப் போற்றும் நாம், மீன்பிடித்து வாழ்வோரின் நலத்தில் எங்ஙனம் ஈடுபடுவது? இதனை மறைக்காமல் எதிர்கொள்வோம். அபயதானம் தொழிலைக் கேட்டு வழங்கப்படுவதன்று. உயிர் என்னும் ஒன்றையே அது நோக்கும். வலைக்குப் பொருள் தருவது நம் நோன்பிற்கு ஒவ்வாது. ஆனால் மூழ்குவோனைக் காக்கும் மிதவைச் சட்டைக்கும், புயலறிவிக்கும் கருவிக்கும், அக்குப்பத்துப் பிள்ளைகளின் படிப்பிற்கும் பொருள் தருவதை எந்த விரதம் தடுக்கும்? அம்மக்களை இழிவாக எண்ணுவதும் ஒருவகை இம்சையே அன்றோ?

ஆகவே நம் சமுதாயத்தார்க்கு ஒரு வேண்டுகோள். வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களிலும் சென்னையிலும் உள்ள நம் அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் ஒதுக்கும் தான நிதியில் ஒரு சிறு பங்கினை அபயதானத்திற்கென வைத்தல் நலம். அறிவியல் பயின்ற நம் இளைஞர்கள், விடுமுறை நாள்களில் எளாவூர் போன்ற ஊர்களின் பள்ளிகளுக்குச் சென்று, தலைக்கு மேலே செல்லும் ராக்கெட் எதற்காகச் செல்கிறது, புயலெச்சரிக்கையை எப்படிப் புரிந்துகொள்வது என்பவற்றை எளிய தமிழில் எடுத்துரைக்கலாம். இதற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. சில மணி நேரமே போதும்.

2023 ஜூலை 14ஆம் நாள் பழவேற்காடு ஏரிக்கு அப்பாலிருந்து சந்திரயான் புறப்பட்டது. ஆகஸ்டு 23ஆம் நாள் விக்ரம் என்னும் பெயர் தாங்கிய கலம் நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கியது. உலகமே வியந்த அப்பெருமை நம் நாட்டிற்கு உரியது. எனினும், புயலிரவில் ஒரு குப்பத்து மக்கள் முன்கூட்டியே செய்தி கேட்டு மேட்டுநிலம் சேர்ந்து, விடியலில் தம் பிள்ளைகளை எண்ணிப் பார்த்து ஒருவரும் குறையவில்லை என மகிழ்வார்களாயின், அதுவே அப்பெருமகனாருக்குச் செலுத்தும் சிறந்த அஞ்சலியாகும்.

அறம் வளர்க! எல்லா உயிரும் இன்புற்று வாழ்க!