பங்கு இல்லாதவர்களின் பங்குத்தந்தை

ஜனவரி மாதம் 31ஆம் திகதி புனித டொன் பொஸ்கோவின் திருநாளைத் திருச்சபை சிறப்பிக்கின்றது. இளையோரின் தந்தை என்று உலகெங்கும் போற்றப்படும் இவர், தெருவில் நின்ற சிறுவர்களுக்குத் திருச்சபையைச் சொந்த வீடாக்கிக் கொடுத்தவர் ஆவார்.

வட இத்தாலியின் பெக்கி என்னும் சிற்றூரில், 1815ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் திகதி ஏழை விவசாயக் குடும்பமொன்றில் யோவான் பொஸ்கோ பிறந்தார். இரண்டு வயது நிறைவதற்கு முன்னரே தந்தையை இழந்தார். தாய் மார்கரீட்டா எழுத்தறிவு இல்லாதவர். ஆயினும் செபத்தையும் உழைப்பையும் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். யோவான் படிப்பதை மூத்த தாரத்து மகன் அந்தோனியோ எதிர்த்ததால் வீட்டில் அமைதி குலைந்தது. எனவே பன்னிரண்டு வயதளவில் யோவான் வீட்டை விட்டு நீங்கி, வேறொருவரின் பண்ணையில் வேலை செய்ய நேர்ந்தது. அந்நியர் மத்தியில் உழைக்கும் சிறுவனின் தனிமையை அவர் அங்கேதான் அறிந்துகொண்டார்.

1841ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் திகதி அவர் தூரின் நகரில் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அக்காலத்தில் கட்டட வேலைக்கும் கல் உடைக்கும் தொழிலுக்கும் புகைபோக்கி துப்புரவுக்குமென மலைக்கிராமங்களிலிருந்து சிறுவர்கள் அந்நகருக்கு வந்த வண்ணமிருந்தனர். தமது வழிகாட்டியான அருட்தந்தை யோசேப்பு கஃபாஸோவுடன் சிறைச்சாலைகளுக்குச் சென்ற இளங்குரு, இத்தகைய பலரை அங்கே கண்டார். விடுதலையானவர்களுள் பலர் மீண்டும் சிறைக்கே திரும்பினர். வெளியே அவர்களை வரவேற்க ஒருவரும் இல்லை என்பதே அதன் காரணம் என அவர் உணர்ந்தார்.

அதே ஆண்டு டிசம்பர் 8ஆம் திகதி, அமலோற்பவ அன்னையின் திருநாளன்று, புனித அசிசி பிரான்சிஸ் ஆலயத்தில் அவர் திருப்பலிக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். குளிருக்கு ஒதுங்கி உள்ளே வந்த ஓர் இளைஞனை, பூசைக்கு உதவத் தெரியாதவன் என்று ஆலயப் பணியாளர் அடித்து விரட்டினார். டொன் பொஸ்கோ அவனைத் தம் நண்பன் என்று கூறித் திருப்பி அழைப்பித்தார். பார்த்தலோமியோ கரெல்லி என்ற அந்த அநாதை இளைஞனுக்கு வாசிக்கவோ, எழுதவோ, பாடவோ தெரியாது. சீழ்க்கை அடிக்கத் தெரியுமா என்று குருவானவர் வினவியபோது அவன் முகம் மலர்ந்தது. தெரியாதவற்றையே கேட்டுக் கேட்டு வெட்கப்பட்டிருந்தவனுக்கு, தெரிந்த ஒன்றைக் கேட்டவர் ஒருவர் கிடைத்துவிட்டார். இருவரும் அருள் நிறைந்த மரியே செபத்தைச் சொல்லி மறைக்கல்வியைத் தொடங்கினர். அடுத்த ஞாயிறு அவன் தோழர்களுடன் வந்தான்.

தொகை பெருகப் பெருகத் தொல்லையும் பெருகிற்று. சிறுவர்களின் கூச்சலைப் பொறுக்காத அயலவர்களின் முறைப்பாடுகளால் அவர்கள் இடம்விட்டு இடம் விரட்டப்பட்டனர். நகர அதிகாரிகள் இதனைக் கலகக் கூட்டமோ என ஐயுற்றனர். உடன் குருக்கள் சிலர் அவருக்குச் சித்தம் கலங்கிவிட்டதென எண்ணினர். பிள்ளைகளைத் தத்தம் பங்குகளிலிருந்து பிரிப்பதாகப் பங்குத்தந்தையர் சிலர் குறைகூறினர். இவர்களுள் பெரும்பாலானோர் வெளியூரார், தங்கள் பங்கு எதுவென்றே அறியாதவர்கள் என்பதே அவர் அளித்த விளக்கம். பேராயர் பிரான்சோனி அவருடைய பணிக்கு ஆதரவாக நின்றார். இறுதியில் 1846ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று, வல்தொக்கோ பகுதியில் பினார்டி என்பவரின் தாழ்ந்த கொட்டகை, தரை தோண்டி ஆழமாக்கப்பட்டு, அவர்களது சிற்றாலயமாயிற்று.

அங்கே ஞாயிறு என்பது காலை முதல் மாலை வரை நீண்டது. பாவசங்கீர்த்தனம், திருப்பலி, வேதாகமக் கதை, விளையாட்டு, மறைக்கல்வி, பாட்டு என்று நாள் நிறைந்தது. வார நாட்களில் டொன் பொஸ்கோ அவர்கள் வேலை செய்யும் இடங்களுக்கே சென்று நலம் விசாரித்தார். 1846 ஜூலையில் அவர் மரணத் தறுவாயில் கிடந்தபோது, வெயிலில் செங்கல் சுமந்த அந்தச் சிறுவர்கள் உபவாசமிருந்து, ஆறுதல் மாதாவின் ஆலயத்தில் முறைவைத்து மன்றாடினர். குணமடைந்தவர், தம் உயிர் இனி அவர்களுக்கே உரியது என்று கருதினார்.

அந்த ஆண்டு நவம்பரில் தாய் மார்கரீட்டாவும் ஊரை விட்டு மகனுடன் வந்து குடியேறினார். முதலில் தங்க இடம் பெற்ற சிலர் போர்வைகளைத் திருடிக்கொண்டு ஓடினர். ஆயினும் 1847 மே மாதத்து மழை இரவொன்றில் நனைந்து வந்த அநாதைச் சிறுவனுக்கு அந்தத் தாய் சமையலறையில் படுக்கை விரித்தார். பின்னொரு நாள், பிள்ளைகள் தம் காய்கறித் தோட்டத்தை மிதித்துப் பாழாக்கியதால் மனம் நொந்து, ஊர் திரும்ப விரும்பினார். மகன் ஒன்றும் பேசாமல் சுவரிலிருந்த பாடுபட்ட சுரூபத்தைச் சுட்டிக்காட்டினார். அவர் போகவில்லை. 1856ஆம் ஆண்டு இறக்கும்வரை அப்பிள்ளைகளுக்குத் தாயாகவே வாழ்ந்தார்.

1859 டிசம்பர் 18ஆம் திகதி சலேசிய சபைக்கு வித்திடப்பட்டபோது கூடிய 18 பேருள் பெரும்பாலானோர் டொன் பொஸ்கோவின் நிழலில் வளர்ந்த இளைஞர்களே. சிறுவனாக அவரிடம் வந்த மிக்கேல் ருவாவே, 1888ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் திகதி அவர் இறந்தபின் சபையின் தலைவரானார். 1934ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் டொன் பொஸ்கோவைப் புனிதராக உயர்த்தினார்.

அன்பானவர்களே, வடக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வேலை தேடிக் கொழும்புக்கு வரும் நம் பிள்ளைகளும் தங்கள் பங்கு எதுவென்று அறியாதிருக்கலாம். ஞாயிறு பூசைக்கு வந்தும் ஆலயத்தின் வெளியே மரநிழலில் நிற்கும் இளைஞனை நாம் என்ன சொல்லி அழைக்கின்றோம்? அவன் ஏன் பாடவில்லை, ஏன் முழந்தாளிடவில்லை என்று கேட்பதற்கு முன், அவனுடைய பெயரைக் கேட்போம். ஊரைக் கேட்போம். பூசை முடிந்தபின் ஒருவேளை உணவுக்கேனும் நம் இல்லத்திற்கு அழைப்போம். இளையோரை நேசித்த புனிதரே, எங்கள் பிள்ளைகளுக்காக மன்றாடும்.